தண்ணீர் ஓடுகிற வீடு

மொன்றியல்
யூன் 15, 2025

அன்புள்ள அக்கா,

உறையைக் கண்டதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை, எல்லோரும் சுகம். ஆர்த்திகாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கிறாள், நேற்று செபமாலையையும் கடித்துவிட்டாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் மூச்சும் விடவேண்டாம். கலியாணம் கட்டி இங்கே வந்த நாளிலிருந்து என் போன் நிஷானுடைய பெயரில்தான் இருக்கிறது. யார் எடுத்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அவருடைய போனுக்கும் போகிறது. பதில் எழுதுவதானால் உறையின் பின்னால் இருக்கிற வில்லரே விலாசத்துக்கு எழுதுங்கள். அது எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற ஜொய்சி அக்காவின் வீடு. ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் தந்துவிடுவார். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய உதவி.

விஷயம் சின்னது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. புல்லுக்குத் தண்ணீர் விடுகிற பழைய மணிக்கூட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, இணையத்தோடு வேலை செய்கிற புதுப் பெட்டி பூட்டினால் எங்கள் நகரசபை செலவில் பாதியைத் திருப்பித் தருகிறது. றிபேற் என்கிறார்கள். மழை வரும் என்று தெரிந்தால் பெட்டி தானாகவே தண்ணீரை நிறுத்திவிடுமாம். எங்கே நின்றாலும் போனிலிருந்தே தண்ணீரைத் திறக்கலாம், நிறுத்தலாம். நிஷான் இதை விடுவாரா? வசந்தத்திலேயே பூட்டிவிட்டார். பங்கில் நாலைந்து பேருக்கும் அவர்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். பூசை முடிந்தால் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் நிற்கிறார்கள்.

போன கிழமை பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மா, மடாம் லெபேவ்ர், வேலிக்கு மேலால் எட்டி, தன்னுடைய தக்காளிக் கன்றுகளைப் பற்றி ஏதோ சொன்னார். நானும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பதில் சொன்னேன். திடீரென்று புல்லுக்குள் இருந்து குழாய்கள் எழும்பி எங்கள் இருவரையும் தெப்பமாக நனைத்துவிட்டன. மடாம் பாவம், சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தால் போன் அடிக்கிறது. நிஷான் டோர்வலில், விமான நிலையத்தில் வேலையில் நிற்கிறார். பின்கதவுக்கு மேல் ஒரு கமெரா இருக்கிறது, அதில் பார்த்திருக்கிறார்.

"நனைஞ்சிட்டீரோ?" என்றார். "வெளியில கனநேரம் நிண்டு கதைக்காதையும். பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்."

குரலில் கோபமே இல்லை, அக்கா. அன்பாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு பின்கதவைப் பூட்டினேன், மிச்ச உடுப்பைக் காயப்போடவும் வெளியே போகவில்லை. பயமாக இருக்கிறது என்று யாருக்காவது சொல்லவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அன்புடன்,
அனோஜினி


ஸ்காபரோ
யூன் 26, 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கண்டு நான் பயந்த பயத்துக்கு நீதான் பொறுப்பு! நடு ஹோலில் நின்று உறையைக் கிழிக்கிறேன், அத்தான் பக்கத்தில் வந்து "ஆர் செத்தது?" என்று கேட்கிறார். வாசித்துப் பார்த்தால் புல்லுக்கு விட்ட தண்ணீர் மேலே பட்டதாம். அடி மக்கு! உன்னை ஆற்றில் தள்ளியா விட்டார்?

நிஷான் தம்பியை எனக்குத் தெரியாதா? இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே நான்தானே. குடி இல்லை, சிகரெட் இல்லை, பூசைக்குத் தவறாமல் போகிற பிள்ளை. புதுச் சாமான் கண்டால் ஆண்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள்தான். உன் அத்தான் கராஜ் கதவுக்கு ரிமோட் வாங்கின காலத்தில், சோபாவில் இருந்தபடி அதைத் திறந்து மூடி என் உயிரை எடுத்தவர். நாலு நாளில் அலுத்துவிடும்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல். கை நீட்டுகிறாரா? அப்படி ஒன்று இருந்தால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே நிற்பேன். இல்லையென்றால் வீணாக மனத்தைக் குழப்பாதே. வீட்டில் தனியே இருந்தால் கண்டதெல்லாம் பூதமாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு சாமத்தியவீட்டுக்கு ரோல்ஸும் பற்றிஸும் செய்ய ஓடர் வந்திருக்கிறது. கையெல்லாம் வெங்காய மணம். கடிதத்திலும் மணக்கும், மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
றொசானா


மொன்றியல்
யூலை 20, 2025

அன்புள்ள அக்கா,

வெங்காய மணம் மணந்தது. கடிதத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

இல்லை, அவர் அடிப்பதில்லை. ஒருநாளும் இல்லை. சத்தம் போட்டுக்கூடக் கதைப்பதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், இதைச் சொல்லிவிட்டால் எனக்கு வேறு சொல்ல ஒன்றும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. பொலிசுக்குப் போனாலும் என்னத்தைச் சொல்வேன்? புல்லுக்குத் தண்ணீர் விட்டார் என்றா?

இப்போது இரண்டாவது றிபேற்றும் எடுத்துவிட்டார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிற பெரிய குழாயில் தண்ணீர் அளக்கிற ஒரு மானி பூட்டி, அதன் கணக்கை நகரசபையும் பார்க்க விட்டால் அதற்கும் ஒரு தொகை தருகிறார்கள். அந்த மானியும் அவருடைய போனோடு சேர்ந்தது. நான் கை கழுவினாலும் பிள்ளையைக் குளிப்பாட்டினாலும் கக்கூசுக்குப் போனாலும் அவருடைய போனில் ஒரு நீலக் கோடு எழும்புகிறது. "ஏன் இண்டைக்கு ரெண்டுதரம் குளிச்சனீர்? ஆரும் வந்தவையோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார். கனநேரம் கோடு எழும்பாவிட்டால் இன்னும் மோசம். உடனே போன் வரும். "எங்கை நிக்கிறீர்?"

முகம் கழுவப் போனால் கை குழாயில் பட்டதும் நிற்கிறேன், அக்கா. இப்போது கழுவலாமா, பிறகு கழுவலாமா என்று யோசிக்கிறேன். சொந்த முகத்தைக் கழுவ.

பிரெஞ்சு வகுப்பைப் பிள்ளை பிறந்ததோடு நிறுத்தினார், தெரியும்தானே. கடவுச்சீட்டு அவரிடம். ஒருநாள் நான் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "நான்தானே உம்மை ஸ்பொன்சர் பண்ணினது. நான் ஒரு கையெழுத்துப் போட்டா உம்மைத் திருப்பி அனுப்புவாங்கள். பிள்ளை இஞ்சை பிறந்தது, அது என்னோடதான் நிக்கும்" என்றார். அதையும் அமைதியாகத்தான் சொன்னார். உண்மையா, அக்கா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

நான் ஒரு களவு செய்கிறேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கக்கூசின் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினால், உள்ளே ஒரு சின்னச் சங்கிலி இருக்கிறது. அதை உடுப்புக் கொழுவி ஒன்றின் கம்பியில் சற்றே இழுத்து மாட்டிவிட்டால் தொட்டி மெல்ல மெல்ல ஒழுகும், நிறையும், திரும்ப ஒழுகும். போனில் கோடு விட்டுவிட்டு எழும்பும். நான் வீட்டில் நின்று ஏதோ வேலை செய்வதுபோல இருக்கும். போனை மேசையில் வைத்துவிட்டு, கமெரா இல்லாத கராஜ் பக்கக் கதவால் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே காலையில் தாய்மார் கூடிப் பிரெஞ்சில் கதைக்கிற ஒரு வட்டம் இருக்கிறது. இலவசம். இந்தக் கடிதங்களையும் அங்கேதான் பெட்டியில் போடுகிறேன்.

தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் அந்த மானி. அதற்குப் பயந்து நான் தண்ணீரை வீணாக்குகிறேன். சிரிப்பும் வருகிறது, திரும்பி வருகிற வழியெல்லாம் பயமும் வருகிறது. அவர் வாசலில் நிற்பாரோ என்று ஒவ்வொரு முடக்கிலும் நின்று பார்த்துத்தான் திரும்புகிறேன்.

அனோஜினி


ஸ்காபரோ
யூலை 31, 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இனிக் கவலைப்படாதே. எல்லாம் சரிப்பண்ணிவிட்டேன்.

உன் கடிதத்தை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தானிடமும் முழுக்கச் சொல்லவில்லை, அவர் நிஷானோடு கூட்டாளி. கடைசியில் நானே தம்பிக்குப் போன் எடுத்தேன். பயப்படாதே, கடிதம் என்ற சொல்லே என் வாயால் வரவில்லை. அந்தக் களவைப் பற்றியும் மூச்சு விடவில்லை. பெரியவளாக, மரியாதையாகத்தான் கதைத்தேன். "தம்பி, அவள் தனிச்சுப்போனாள். இந்தத் தண்ணி விளையாட்டையெல்லாம் விட்டிட்டு நாலு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். அவர் எவ்வளவு பணிவாகக் கேட்டார் தெரியுமா? "ஓம் அக்கா, நீங்கள் சொன்னாச் சரி, நான் யோசிக்கேல்லை" என்றார். உனக்கு ஒரு சேலை எடுத்துத் தரப்போகிறாராம்.

பார், கதைத்தால் எல்லாம் தீரும். நம்மவர்களுக்குக் கதைக்கத்தான் தெரியவில்லை.

அக்கா,
றொசானா


மொன்றியல்
செப்ரெம்பர் 9, 2025

அக்கா,

என்ன செய்துவிட்டீர்கள்.

நீங்கள் போன் எடுத்த அன்று அவர் வேளைக்கே வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். பிள்ளையைத் தூக்கி விளையாடினார். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, "அக்காவுக்குத் தண்ணி விளையாட்டுப்பற்றி ஆர் சொன்னது? உம்மடை போனில அப்பிடி ஒரு கதையும் இல்லையே" என்றார். நான் எப்போதோ போனில் சொல்லியிருப்பேன் என்றேன். "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான். அந்த 'அப்பிடியோ'வோடு நான் ஒரு மாதத்துக்கு மேலாக இருக்கிறேன்.

போனைத் திருத்தக் கொடுத்திருக்கிறாராம், இன்னும் வரவில்லை. இப்போது பூசைக்கும் வேறு கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம், ஒரு தமிழ் முகமும் இல்லாத கோவில். ஜொய்சி அக்காவைக் கண்டு எத்தனையோ கிழமை. உங்கள் கடைசிக் கடிதம் அதற்கு முதல் ஞாயிறு கையில் கிடைத்தது, நல்ல காலம். சேலை வந்தது. நீலச் சேலை, நல்ல விலை. அதைக் கட்டவைத்துப் படமெடுத்துத்தான் உங்களுக்கு அனுப்பினார். நான் சிரிக்கிறேன்தானே அதில்?

கொஞ்சக் காலம் நூலகத்துக்குப் போகவில்லை. பிறகு மூச்சு முட்டுவதுபோல இருந்தது, திரும்பப் போகத் தொடங்கினேன். அதுதான் பிழையாகிவிட்டது. நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. புதுப் பெட்டியும் மானியும் பூட்டிய வீடுகளில் எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர்ச் செலவு குறையவில்லையாம், கூடியிருக்கிறதாம். எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், திருத்தாவிட்டால் தந்த றிபேற்றைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறது. பிரெஞ்சுக் கடிதம். அவர் போனைப் பிடித்து மொழிபெயர்த்து எனக்கு வாசித்துக் காட்டினார். நான் முதல் வரியிலேயே விளங்கிக்கொண்டு, விளங்காதவள்போல முழுக்கக் கேட்டேன்.

சனி ஞாயிறு முழுக்க வீட்டை உருட்டிப் பிரட்டி ஒழுக்கைத் தேடினார். ஒன்றும் இல்லை. கடைசியில் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் வீட்டில நிக்கேக்கை இல்லாத லீக், நான் வேலைக்குப் போனாப் பிறகு வருது. விசித்திரம்தான் என்ன?"

அக்கா, அந்த அதிகாரி கணக்கை விரித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் எவ்வளவு காலமாக வெளியே போய் வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கராஜ் கதவு எனக்கு இல்லை. என்னைத் திருப்பி அனுப்பினால் பிள்ளையும் எனக்கு இல்லை.

இனி எழுதவேண்டாம். எழுதினாலும் எப்படி என் கைக்கு வரும்? இந்தக் கடிதத்தைப் போடத்தான் இன்றைக்கு வெளியே வந்தேன். தயவுசெய்து போன் எடுக்காதீர்கள். அவரிடம் என்னைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு சொல் சொல்லாதீர்கள்.

அனோஜினி


ஸ்காபரோ
செப்ரெம்பர் 30, 2025

அனோ, என் செல்லமே,

என்னை நீ பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம். 'என்ன செய்துவிட்டீர்கள்' என்று ஒரு வரியோடு விட்டாயே, அதுதான் தாங்கமுடியவில்லை. நான் அக்கா என்ற திமிரில் வாய் திறந்தேன். கும்பிட்டுக் கேட்கிறேன், மன்னித்துவிடு. இனி அழமாட்டேன், அழுதால் எழுதமுடியாது.

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று பார். ஒக்ரோபர் மாதாவின் மாதம் அல்லவா? செபமாலை சொல்ல மாதா சுரூபம் பங்கில் வீடு வீடாகப் போகும். இந்த முறை உங்கள் வீட்டையும் பட்டியலில் போடச் சொல்லி ஜொய்சியிடம் கேட்டேன். அவரும் பயந்தார். ஆனால் மாதா வருகிறா என்றால் வேண்டாம் என்று நிஷான் சொல்லமாட்டார், நாலு பேர் முன்னால் நல்லவராக நிற்கவேண்டுமே. ஜொய்சி பூக்கூடையின் அடியில் இதை வைத்துக் கொண்டுவருவார். பூவை அடுக்குகிற சாட்டில் எடுத்துக்கொள்.

இப்போது கவனமாக வாசி. இங்கே இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற இடத்துக்குப் போனேன். வித்தியா என்று ஒரு பிள்ளை, நம்முடைய பிள்ளைதான். உன்னிடம் நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறதுதானே என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் அவர் ஒரு கையெழுத்து அல்ல, நூறு கையெழுத்துப் போட்டாலும் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாதாம். அவரை விட்டு நீ பிரிந்தாலும் அது போகாதாம். பிள்ளையையும் அவர் நினைத்தபடி பறித்து வைத்திருக்க முடியாதாம், நீதிமன்றம் இருக்கிறது. நான் மூன்றுதரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவளுக்கு அலுத்துவிட்டது, "அன்ரி, ஓம் எண்டு சொல்லிட்டன்தானே" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். "கை நீட்டுகிறாரா?" என்று நான் உன்னைக் கேட்டதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "பயப்பிடுறாவா எண்டு கேட்டிருக்கோணும், அன்ரி" என்றாள். எனக்கு அப்படியே செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது.

வரவா? அத்தான் தலையிடாதே என்கிறார். அவர் கிடக்கட்டும். நீ வா என்றால் வருகிறேன். ஆனால் நீ சொல்லாமல் இனி ஒன்றும் செய்யமாட்டேன்.

றொசானா


மொன்றியல்
ஒக்ரோபர் 10, 2025

அன்புள்ள அக்கா,

மாதா வந்தா. நிஷான் மெழுகுதிரி கொளுத்தி, வாசகம் வாசித்தார். எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் உங்கள் கடிதத்தை அரிசிப் பைக்குள் புதைத்தேன். மறுநாள் அவர் போன பிறகுதான் வாசித்தேன். 'முடியாதாம்' என்ற இடத்தை எத்தனைதரம் வாசித்தேனோ தெரியாது. வாசித்துவிட்டுக் கிழித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் அடித்தேன். அதுவும் ஒரு நீலக் கோடு.

நேற்று அந்த அதிகாரி வந்தார். ஆண் ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு இளம் பெண், மெலனி என்று பெயர், சப்பாத்துக்கு மேல் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நிஷான் லீவு போட்டு நின்றார். அவருக்குப் பொன்ஜூர், மெர்சியைத் தவிரப் பிரெஞ்சு வராது. டோர்வலில் அவருடைய ஆட்களோடு ஆங்கிலமே போதும் என்பார். மெலனியும் அவரோடு ஆங்கிலத்தில்தான் கதைத்தார். பெட்டியைப் பார்த்தார், மானியைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த கணினியைத் திறந்து, "இது விசித்திரமான ஒழுக்கு, வார நாட்களில் காலையில் மட்டும்..." என்று தொடங்கினார்.

அக்கா, மெலனியை முடிக்க நான் விடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நான் பிரெஞ்சில் பேசத் தொடங்கினேன்.

அந்த வசனங்களைக் கிழமைக் கணக்காகத் தள்ளுவண்டியோடு நடக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றும் பார்த்திருந்தேன். பொலிஸ் என்றால் பிரெஞ்சிலும் பொலிஸ்தான். போனுக்கும் கிட்டத்தட்ட அதே சொல். அவருக்குப் பிடிபடக்கூடிய எல்லாவற்றையும் விலக்கி, தக்காளியைப் பற்றிக் கதைக்கிற குரலில் சொன்னேன்: "மடாம், தயவுசெய்து முகத்தை மாற்றாதீர்கள். இந்த வீட்டில் ஒழுக்கு இல்லை. நான் வெளியே போவது இவருக்குத் தெரியாமல் இருக்க நான்தான் தண்ணீரை ஓடவிடுகிறேன். அந்தக் கணக்கை இவருக்குக் காட்டாதீர்கள். எனக்கு இவரைப் பயம். யாராவது எனக்கு உதவவேண்டும்."

மெலனி முகத்தை மாற்றவில்லை. கணினியை மெல்ல மூடினார்.

நிஷான் என்னைப் பார்த்தார். "உமக்கு எப்ப இவ்வளவு பிரெஞ்சு வந்தது?"

"பிள்ளையோட இருந்து கார்ட்டூன் பாக்கிறன்தானே" என்றேன்.

அவர் தன் போனைக் கையில் எடுத்தார். மொழிபெயர்க்கிறதைத் திறக்கப்போகிறார், முடிந்தது, என்று நினைத்தேன். அவர் மானியின் கோட்டைப் பார்த்துவிட்டு, போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு மெலனியிடம், "என் மனைவி கெட்டிக்காரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "என்னத்தைச் சொன்னனீர்?" என்று என்னிடம் கேட்டார். கக்கூஸ் தொட்டியில் சத்தம் கேட்கிறது என்று சொன்னேன் என்றேன்.

மெலனி அதைப் பிடித்துக்கொண்டார். தொட்டிக்குள் ஒரு நீல வில்லையைப் போடவேண்டும், ஒழுக்கு இருந்தால் தானாகவே கிண்ணத்துக்குள் நீலம் வரும் என்று அவருக்கு விளக்கினார். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் போனோம், நிஷான் வாசலில் நின்றார். வில்லை கரைந்தது. கிண்ணத்துத் தண்ணீர் பளிங்குபோல நின்றது, ஒரு துளி நீலம் இல்லை. சங்கிலியை நான் மாட்டவில்லையே. மெலனி தன் முதுகால் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் பிரெஞ்சில் கேட்டார்: "இன்றைக்கா, அவர் இல்லாத ஒரு நாளா?" அவர் இல்லாத நாள் என்றேன். உடனே விசையை அமத்தினார். நீலத் தண்ணீர் சுழன்று ஓடியது. "பார்த்தீர்களா, இந்த றப்பர் தேய்ந்துவிட்டது" என்று நிஷானிடம் சொன்னார். மாற்றிவிடுங்கள், அடுத்த வியாழன் நான் வந்து ஒருதரம் பார்த்து முடித்துவிடுகிறேன், வீட்டில் மனைவி நின்றால் போதும், நீங்கள் திரும்ப லீவு எடுக்கத் தேவையில்லை என்றார். வாசலில் சப்பாத்து உறையைக் கழற்றக் குனிந்தபோது, இன்னொரு பெண்ணும் தன்னோடு வருவாள், பிள்ளைகளோடு வருகிற பெண்களை வைத்துப் பார்க்கிற ஒரு வீடு இருக்கிறது என்று தரையைப் பார்த்தபடி பிரெஞ்சில் சொன்னார்.

நிஷான் நேற்றுப் பின்னேரமே புது றப்பர் வாங்கி வந்து மாட்டினார். தொட்டிக்குள் கையை விட்டு அந்தச் சங்கிலியை இரண்டு விரலால் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "பழைய றப்பர் அவ்வளவு தேயேல்லையே" என்றார். பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவினார்.

அவருக்குத் தெரியுமோ, அக்கா? தெரிந்துகொண்டுதான் சும்மா இருக்கிறாரோ? வியாழன் வேலைக்குப் போவதுபோல் போய், திரும்பி வந்துவிட்டால்? இரவெல்லாம் இதுதான். வராதீர்கள். உங்கள் காரைக் கண்டால் எல்லாம் கெட்டுவிடும். செபம் சொல்லுங்கள், அது போதும்.

அனோஜினி


ஸ்காபரோ
ஒக்ரோபர் 18, 2025

அனோ,

நீ எங்கே?

இதை ஜொய்சிக்கு அனுப்புகிறேன். உன் கைக்கு வருமா, வராதா, ஒன்றும் தெரியாது. உன் கடைசிக் கடிதம் வியாழன் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. வாசித்த நேரத்திலிருந்து நான் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. பின்னேரம் நிஷான் எடுத்தார்.

அந்தக் குரலை நான் முதல்முதலாகக் கேட்டேன். சத்தம் இல்லை, அவசரம் இல்லை. "அக்கா, அனோ அங்கை வந்தவவோ?" என்றார். இல்லை என்றேன், அது சத்தியம்தானே. பிறகு இப்படிச் சொன்னார்: "காலமையில இருந்து வீட்டில தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டு ஓடினது. நான் போனில பாத்துக்கொண்டே இருந்தனான். வீட்டை வந்து பாத்தா ஒருதரும் இல்லை."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தச் சங்கிலியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்! ஆனால் உடனே அடுத்த பயம் பிடித்தது. நீ போய்ச் சேர்ந்தாயா, இல்லை வழியில் ஏதும் நடந்ததா? நேற்று அவர் இங்கே வந்தே விட்டார். ஆறு மணித்தியாலம் ஓடி வந்து, அத்தானோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, என் குசினி, அறை, பேஸ்மென்ற் எல்லாம் கண்ணாலே துழாவினார். போகும்போது, "உங்களுக்கு எழுதுறவ எண்டு எனக்குத் தெரியும், அக்கா" என்றார். நான் கதவைப் பூட்டிவிட்டு அதோடு சாய்ந்து நின்றேன். அத்தானும் அதைப் பார்த்துவிட்டார். அவர் இப்போது தலையிடாதே என்று சொல்வதில்லை.

எங்கே என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

றொசானா


ஒக்ரோபர் 27, 2025

அன்புள்ள அக்கா,

மேலே ஊர் போடவில்லை. இங்கே அப்படித்தான் விதி.

உங்கள் கடிதம் ஜொய்சி அக்காவிடமிருந்து யார் யார் கையாலோ சுற்றி வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் சுகம். மெலனி வந்தார், கூட இன்னொரு பெண்ணும் வந்தார். நான் கொண்டுவந்தது ஒரு பையும் பிள்ளையும்தான். கடவுச்சீட்டு நிஷானிடமே கிடக்கட்டும், அதற்கும் வழி இருக்கிறதாம். வித்தியா உங்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொன்னார்கள். நான் மூன்றுதரம் கேட்கவில்லை, நாலுதரம் கேட்டேன்.

புறப்படும்போது எல்லோரும் அந்தக் கராஜ் கதவடியில் நின்று அவசரப்படுத்துகிறார்கள், நான் திரும்ப உள்ளே ஓடினேன். பிள்ளையின் சாமான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். தொட்டியின் மூடியைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினேன். புது றப்பர், இறுக்கமாக இருந்தது, இரண்டுதரம் நழுவியது. ஒழுகத் தொடங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். அவர் பின்னேரம் வரைக்கும் அந்தக் கோட்டோடு இருந்தார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது சந்தோசப்படவேண்டும்போல இருந்தது. சந்தோசம் வரவில்லை. அந்த வீட்டுக்குள் அவர் வந்து, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு, என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த அறைக் கதவைத் திறந்திருப்பார். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பயம் போகவில்லை, அக்கா. கார் கதவு சாத்துகிற சத்தத்துக்கு இன்னும் துள்ளி எழும்புகிறேன். அவர் உங்களிடம் வந்ததை வாசித்த அன்று சாப்பிடவே இல்லை. இங்கே இருக்கிற பெண்கள், அது மெல்ல மெல்லத்தான் போகும் என்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஐந்து வருசமாகியும் போகவில்லையாம்.

இன்று காலை ஆர்த்திகா தண்ணீர் கேட்டாள். குழாயைத் திறந்து அவளுடைய கோப்பையை நிரப்பினேன். அவள் குடித்துவிட்டுப் போன பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூடவேண்டும், மூடு மூடு என்று உள்ளே ஏதோ கத்தியது. நான் மூடவில்லை. குனிந்து முகத்தைக் கழுவினேன். நிமிர்ந்து, போன் அடிக்கப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். முகத்திலிருந்து தண்ணீர் சட்டைக்குள் வடிந்தது.

ஒன்றும் அடிக்கவில்லை. இன்னொருதரம் கழுவினேன்.

உங்கள்,
அனோஜினி